கரையில் நிற்பவரின் பாட்டு: தமிழ், ஜப்பானிய, மேலைக் கடற்பாடல்களின் பொருள் ஒப்பீடு

சென்னையின் தென்பகுதியில், திருவான்மியூருக்கும் பாலவாக்கத்துக்கும் இடையில் அமைந்த கொட்டிவாக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் கண்ணுக்கு மாடி வீடுகளும் கடைகளும் நெருங்கிய புறநகராகவே தோன்றும். 2011இல் அது சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. எனினும் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பிச் சில தெருக்களைக் கடந்தால் ஊரின் பழைய முகம் தெரியும். மணலில் ஏற்றி வைத்த படகுகளும் உலரும் வலைகளுமாக மீனவர் குப்பம் கடலை நோக்கி நிற்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஏறிய கரைகளுள் இதுவும் ஒன்று.

இக்கரைக்குப் பாட்டு புதியதன்று. ஞானசம்பந்தர் தம் மயிலைப் பதிகத்தில் புன்னை செறிந்த கானலைக் காட்டுகிறார். அவருடைய திருவான்மியூர்ப் பதிகத்திலும் கடல் கரையை வந்து தொடுகிறது. மயிலைக்கும் வான்மியூருக்கும் அடுத்த கொட்டிவாக்கம் அதே நெய்தல் நிலத்தின் தொடர்ச்சியே. அந்நிலத்தின் பாட்டு இன்று எங்கே இருக்கிறது என்ற வினாவுக்கு எளிதில் கிடைக்கும் விடை திரைப்பாட்டு என்பதாகும். குப்பத்துத் திருவிழாவின் ஒலிபெருக்கியும் அதைத்தான் ஒலிக்கிறது. ஆனால் அவ்விடை முழுமையானதா என்பதை அறியத் தமிழ்க் கடற்பாடல்களைப் பிற நாட்டுக் கடற்பாடல்களோடு வைத்து நோக்குவது பயன் தரும். கடலால் சூழப்பட்ட ஜப்பானும், கடலோடிகளால் உலகெங்கும் பரவிய மேலை நாடுகளும் அவ்வொப்பீட்டுக்கு உரியவை. வெகுமக்கள் பாட்டு, பாப் இசை என்று வழங்கும் வகையில் இம்மூன்றும் கடலை வைத்து எதைப் பாடின, யார் வாயால் பாடின என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

நெய்தலின் இலக்கணம்

தொல்காப்பியர் நெய்தலுக்கு வருணனைத் தெய்வமாக்கி, எற்பாட்டைப் பொழுதாக்கினார். இரங்கலும் இரங்கல் நிமித்தமும் அதன் உரிப்பொருள் என உரைகாரர் வகுத்தனர். கதிர் மறையும் நேரத்தில் கரையில் நின்று, வராதவனை நினைத்து வருந்துதல் என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு பாடிய அம்மூவனாரும், நெய்தற்கலி பாடிய நல்லந்துவனாரும் இவ்வொரு நிலையைப் பல கோணங்களில் விரித்தவர்கள். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் கடற்பாட்டு கதையின் திருப்பமாகவே அமைகிறது. புகார்க் கடற்கரையில் யாழ் மீட்டிக் கோவலன் பாடியதை மாதவி வேறொருத்தியைப் பற்றியதாகக் கொண்டாள். அவள் பாடியதை அவன் வேறொருவனைப் பற்றியதாகக் கொண்டான். பாட்டு முடிந்தபோது உறவும் முடிந்தது.

இவ்விலக்கணத்தில் பலரும் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் கருப்பொருள் என்பது மரமும் பறவையும் மட்டுமன்று. ‘செய்தி’ என்று தொல்காப்பியர் குறிக்கும் தொழிலும் அதில் அடங்கும். குறுந்தொகையில் கல்லாடனார் பாடிய நெய்தற்பாட்டு ஒன்று இதற்கு நல்ல சான்று. சுறா தாக்கிய புண் ஆறியதும் தந்தை மீண்டும் கடலுக்குப் போய்விட்டான். உப்பைக் கொடுத்து நெல் வாங்கத் தாய் உப்பளத்துக்குச் சென்றுவிட்டாள். இப்போது தலைவன் வந்தால் எளிதில் காணலாம் என்பது அதன் கருத்து. காதற் செய்திக்குள் ஒரு வீட்டின் பிழைப்பு முழுவதும் வந்துவிடுகிறது. தந்தையின் புண் இல்லையேல் அப்பாட்டின் தனிமைக்கு ஆழமில்லை. கடல் என்னும் முதற்பொருள் எங்கும் ஒன்றே. கரையில் வாழ்வோரின் தொழில் மாறினால் உரிப்பொருளும் மாறும். இம்மூன்று மரபுகளின் ஒற்றுமை வேற்றுமைகளை விளக்கும் திறவுகோல் இதுவே.

ஜப்பான்: துறைமுகமும் பிரிவும்

ஜப்பானிய மரபில் நெய்தலுக்கு மிக நெருங்கிய பாட்டு 13ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. புஜிவாரா நோ தெய்க்கா என்னும் பெருங்கவிஞர், அலையடங்கிய மாலைப்பொழுதில் மட்சுஹோ கடற்கரையில் உப்புக்காகக் கடற்பாசி எரிவதைக் காட்டி, வராதவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் உள்ளமும் அவ்வாறே எரிவதாகப் பாடினார். மாலை, உப்பு, காத்திருத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த அப்பாட்டைத் தமிழ்ப் புலவர் எவரும் தயங்காமல் நெய்தல் என்றே வகைப்படுத்துவர். ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு கூறியதும், இருமொழி யாப்பையும் ஒப்பிட்டதும் தமிழ்நாட்டில் பெரிதும் பேசப்பட்டன. அக்கொள்கையை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. பாட்டின் பொருளில் காணும் இந்த ஒற்றுமைக்கு மொழியுறவு தேவையுமில்லை. உப்பு விளைத்து வாழ்ந்த இரு கரைகள் தனித்தனியே ஒரே உணர்வை எட்டின என்பதே போதும்.

20ஆம் நூற்றாண்டின் வெகுமக்கள் பாட்டிலும் அவ்வுணர்வு தொடர்ந்தது. 1937இல் அவாயா நோரிக்கோ பாடிய ‘வக்காரே நோ புளூஸ்’ யோக்கஹாமாத் துறைமுகத்தின் பிரிவைப் பாடியது. புளூஸ் என்ற பெயரும் இசைக்கருவிகளும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. உள்ளடக்கம் கரையில் நிற்பவளுடையது. பின்னர் 1960களின் இறுதியில் ‘என்கா’ என்ற பெயரில் தனிப் பாடல் வகை உருப்பெற்றது. அப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1880களில் குடியுரிமை இயக்கத்தினர் மேடைப் பேச்சுக்குத் தடை வந்தபோது தம் கருத்துகளைப் பாட்டாக்கித் தெருவில் பாடினர். பேச்சுப்பாட்டு என்னும் பொருளில் அது என்கா எனப்பட்டது. அரசியல் போய்க் கண்ணீர் எஞ்சியது அப்பெயரின் பிற்காலக் கதை.

அக்கண்ணீருக்குக் காரணம் இருந்தது. 1950களின் நடுப்பகுதி முதல் 1970களின் நடுப்பகுதி வரை, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த சிறுவரும் சிறுமியரும் வடபகுதி ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாகத் தனி ரயில்களில் தோக்கியோவின் உவேனோ நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டுத் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். ஊரில் எஞ்சியவரும் ஊரை விட்டவரும் ஒரே பாட்டில் தம் துயரைக் கேட்டனர். 1977இல் இஷிக்காவா சயூரி பாடி, அக்கு யூ எழுதிய ‘ட்சுகாரு நீரிணைக் குளிர்காலக் காட்சி’ இதன் உச்சம். உவேனோவில் இரவு ரயிலேறிய பெண் அவோமோரியில் இறங்கி, ஹொக்கைதோவுக்குச் செல்லும் கப்பலில் ஏறுகிறாள். உடன் வருவோர் பேசுவதில்லை. பனியும் கடலொலியுமே துணை. காதலனின் பெயரோ பிரிவின் காரணமோ பாட்டில் இல்லை. பெயர் சுட்டாமை அகத்திணையின் விதி என்பதை அறிந்த தமிழருக்கு இது வியப்பன்று. 1954இல் அக்கப்பல் வழியில் தோயா மாரு கவிழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகு கடலடிச் சுரங்கம் அமைக்கும் பணி வலுப்பெற்றது. 1988 மார்ச்சில் சுமார் 54 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் திறக்கப்பட்டுக் கப்பல் நின்றது, பாட்டு நிற்கவில்லை.

பட்டியல் இரண்டு

ஜப்பானியப் பாட்டுக்கும் அமெரிக்கப் பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவன இரு ஊர்ப்பட்டியல்கள். 1963இல் கலிபோர்னியாவின் பீச் பாய்ஸ் குழுவினர் ‘சர்பின் யு.எஸ்.ஏ.’ என்ற பாட்டை வெளியிட்டனர். சக் பெர்ரியின் மெட்டில் அமைந்த அது, கலிபோர்னியக் கரைகள் தொடங்கி ஹவாயும் ஆஸ்திரேலியாவும் வரை அலைச்சறுக்குக்கு ஏற்ற இடங்களை அடுக்குகிறது. ஒவ்வொரு பெயரும் ஓர் இன்பத்தின் முகவரி. 1969இல் மோரி ஷினிச்சி பாடிய ‘மினாத்தோமாச்சி புளூஸ்’ ஹக்கோதாதே தொடங்கி மியாக்கோ, கமாயிஷி, கெசென்னுமா என்று இறங்கிக் ககோஷிமா வரை துறைமுகங்களை அடுக்குகிறது. இங்கே ஒவ்வொரு பெயரும் அவன் வராத ஓர் இடம். பட்டியல் என்னும் உத்தி ஒன்றே. ஒன்று செல்பவனின் மகிழ்ச்சி, மற்றொன்று விடப்பட்டவளின் தேடல். அந்த மூன்று வடகிழக்குத் துறைமுகங்களையும் 2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை அழித்தபோது அப்பட்டியலுக்கு இன்னொரு துயரமும் சேர்ந்தது. அத்துயரம் கொட்டிவாக்கம் அறியாததன்று.

மேலும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. மோரி ஷினிச்சி ஆண். அவர் பாடியது பெண்ணின் கூற்று. ஜப்பானிய மேடையில் அது எவருக்கும் உறுத்துவதில்லை. ஆண்பாற் புலவர் தலைவி கூற்றாகப் பாடிய சங்கப் பாடல்களையும், நம்மாழ்வார் பராங்குச நாயகியாய் நின்று இரங்கியதையும் அறிந்தவர்க்கு இதுவும் பழகிய நெறியே. மேலை வெகுமக்கள் பாட்டிலோ ‘நான்’ என்பது பெரும்பாலும் பாடுபவரையே குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. ஆண் பாடிய பாட்டைப் பெண் பாட நேர்ந்தால் ‘அவளை’ ‘அவனாக’ மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம். ஜப்பானில் பாட்டு ஒரு வேடம். தமிழில் அது ஒரு கூற்று. மேலை நாட்டில் அது ஒரு வாக்குமூலம்.

மேலைக் கரையின் மறுபக்கம்

எனினும் கிழக்கு இரங்கும், மேற்கு களிக்கும் என்று பிரித்துவிடுவது பிழையாகும். பிரான்சின் ஷார்ல் த்ரெனே 1946இல் பதிவு செய்த ‘லா மேர்’ கடலையே வருணித்த பாட்டு. அதில் காதலி இல்லை. ஜாக் லாரன்ஸ் அதே மெட்டுக்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் அமைத்துக் கடலுக்கு அப்பால் காத்திருக்கும் காதலியைப் புகுத்தினார். பாபி டாரின் பதிவு செய்த அவ்வடிவம் அமெரிக்காவில் புகழ் பெற்றது. ஒரே மெட்டு, ஒரே கடல். கரை மாறியதும் பொருள் மாறிற்று.

அமெரிக்காவிலும் ஓர் இரங்கற்பாட்டு உண்டு. ஜார்ஜியாவின் கறுப்பினப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தார். அதற்குச் சில நாள் முன்பு பதிவு செய்த அவருடைய துறைமுகப் பாட்டு 1968இல் வெளியாகி அந்நாட்டின் முதலிடத்தைப் பெற்றது. பிறந்த மண்ணைவிட்டு மேற்குக் கரைக்கு வந்தும் பிழைப்பு அமையாத ஒருவன், மாலை வரை அமர்ந்து கப்பல்கள் வருவதையும் போவதையும் பார்த்திருப்பதே அதன் செய்தி. அலைச்சறுக்குப் பாட்டு பிறந்த அதே கலிபோர்னியாவில் இதுவும் பிறந்தது. கடலை விளையாட்டாகக் கண்டவனுக்குக் களிப்பு; வேலையின்றிக் கண்டவனுக்கு இரங்கல்.

போர்ச்சுகலின் சான்று இன்னும் வலியது. 1955இல் வெளியான பிரெஞ்சுத் திரைப்படம் ஒன்றில் அமாலியா ரொட்ரிகெஸ் ‘பார்க்கு நெக்ரு’ என்ற பாட்டைப் பாடினார். கடலில் போனவன் திரும்பமாட்டான் என்று கரையில் உள்ள கிழவியர் சொல்கின்றனர். அவர்களுக்குப் பித்து என்கிறாள் அவள். காற்றிலும் நீரிலும் அவன் இருப்பதாக நம்புகிறாள். கரையில் காத்திருப்பவளைப் பாடும் அப்பாட்டு நெய்தலுக்கு அயலானதன்று. மறுபுறம், ஜப்பானில் கயாமா யூசோ 1960களிலும், சிகசாக்கிக் கரையில் வளர்ந்த குவாதா கெய்சுக்கே தலைமையிலான சதர்ன் ஆல் ஸ்டார்ஸ் குழுவினர் 1978 முதலும் பாடிய கடற்பாடல்கள் கோடை விடுமுறையின் களிப்பைப் பாடின. ஆக, பாட்டின் பொருளை வகுப்பது நாடன்று. கரையில் நிற்பவர் கடலால் பிழைப்பவரா, கடலைக் காண வந்தவரா என்பதே.

தமிழ்த் திரையின் கடல்

தமிழ்த் திரைப்பாட்டு இவ்விரண்டோடும் பொருந்தியும் விலகியும் நிற்கிறது. 1964 தீபாவளிக்கு வெளியான ‘படகோட்டி’ இதில் முதன்மையானது. விசுவநாதன்–இராமமூர்த்தி இசையில் அப்படத்தின் பாடல்கள் அனைத்தையும் எழுதியவர் வாலி. டி. எம். சௌந்தரராசன் குரலில் எம்.ஜி.ஆர். பாடும் மீனவர் பாட்டு, நிலத்தில் பிறந்தவன் நீரில் பிழைக்க நேர்ந்த முரணையும், கரையில் கண்ணீரோடு நிற்கும் பெண்டிரையும் ஒருங்கே சொல்கிறது. கடலுக்குப் போகிறவனே கரையில் நிற்பவளுக்காகவும் இரங்குவது இதன் தனித்தன்மை. என்காப் பாடலில் பிரிவுக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை. இங்கே காரணம் வறுமை என்று வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. கல்லாடனார் பாட்டில் பின்புலமாக நின்ற தொழில் இங்கே முன்னுக்கு வந்து வினா எழுப்புகிறது. அகம் புறமாகிறது.

அடுத்த ஆண்டு மலையாளத்தில் வந்த ‘செம்மீன்’, தகழியின் நாவலைத் தழுவி, கரையில் உள்ள மனைவியின் கற்பே கடலில் உள்ள கணவனின் காவல் என்னும் நம்பிக்கையைப் பாட்டாக்கியது. அந்நாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கினார். 1980களில் பாரதிராஜா குமரிக் கரையின் முட்டத்தைத் திரைக்குக் கொண்டுவந்தபோது, இளையராஜாவின் இசையில் கடல் காதலின் பின்னணியாயிற்று, தொழில் மங்கியது. 2012இல் சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’, கடலில் சுடப்பட்டு இறந்த மீனவனையும் அவனுக்காகப் பல்லாண்டு கரையில் இருக்கும் மனைவியையும் காட்டியது. நெய்தலின் இரங்கல் இலங்கைக் கடற்படையின் துப்பாக்கியால் புதுப்பொருள் பெற்றது. அதற்கு வைரமுத்து பாடல் எழுதினார். 2013இல் மணிரத்னத்தின் ‘கடல்’ தென்கோடி மீனவரின் வழக்குச் சொற்களைப் பாட்டில் ஏற்றியது.

இவற்றை எழுதியோரைப் பற்றி ஓர் உண்மையை மறைக்க இயலாது. வாலி காவிரிக் கரையின் திருவரங்கத்தில் வளர்ந்தவர். வைரமுத்து வைகைக் கரையின் மண்ணில் வளர்ந்தவர். ஆற்றங்கரையார் கடற்கரையாருக்கு எழுதினர். அதனால் பாட்டின் தரம் குறையவில்லை. சங்கப் புலவரும் அனைவரும் பரதவர் அல்லர். ஆனால் பரதவர் தாமே பாடிய பாட்டு என்னாயிற்று என்ற வினா எஞ்சுகிறது.

தொழிற்பாட்டின் முடிவு

வலை இழுக்கையிலும் தண்டு வலிக்கையிலும் தமிழ் மீனவர் பாடியது அம்பா என்றும் ஏலேலோப் பாட்டு என்றும் வழங்கியது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர் ஒன்றாய்ப் பின்பாட்டுப் பாடுவர். பின்பாட்டின் அழுத்தத்தில் கைகள் ஒருசேர இழுக்கும். இங்கிலாந்துப் பாய்மரக் கப்பல்களின் ‘ஷாண்டி’யும், ஹொக்கைதோவில் ஹெர்ரிங் மீன் பிடித்தோரின் ‘சோரான் புஷி’யும் இதே கட்டமைப்பு உடையன. மூன்றையும் ஆக்கியது உடலுழைப்பின் இசைவே. மூன்றுக்கும் முடிவு வந்ததும் ஏறத்தாழ ஒரே வகையில்தான். நீராவி வந்ததும் ஷாண்டிக்கு வேலையில்லாமற் போயிற்று. 1950களில் ஹெர்ரிங் மீன் கூட்டம் வராமற்போனதும் சோரான் புஷிக்கு வலையில்லை. பொறிப்படகு வந்ததும் அம்பாவுக்குக் கேட்கும் காதில்லை. கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்த கண்ணாடியிழைப் படகுகள் 2004க்குப் பின் நிவாரணமாகவும் பெருகின. பொறியின் ஒலியோடு போட்டியிட எந்தக் குரலாலும் இயலாது.

அதன் பிறகு நிகழ்ந்தவையே வேறு. ஷாண்டிகளைக் கப்பலிலேயே பாடிய ஸ்டான் ஹ்யூகில் 1961இல் அவற்றை மெட்டோடு பெருநூலாக்கினார். தொகுப்புகளில் காக்கப்பட்டதால்தான் நியூசிலாந்துத் திமிங்கில வேட்டைக் காலத்துப் பாட்டு ஒன்று 2021இல் பிரிட்டனின் முதலிடப் பாட்டாக முடிந்தது. சோரான் புஷி பள்ளிக்குள் நுழைந்தது. வக்கனாய் நகரின் நடுநிலைப் பள்ளி ஒன்றில் புத்துரு எடுத்த அதன் ஆட்டம் 1990கள் தொடங்கி நாடெங்கும் பள்ளி விழாக்களில் ஆடப்படுகிறது. மீனையே காணாத சிறுவர் வலை இழுக்கும் அசைவை உடம்பால் கற்கின்றனர். தமிழில் கி. வா. ஜகந்நாதன், நா. வானமாமலை முதலியோரின் தொண்டால் நாட்டார் பாடல்களின் சொற்கள் பல அச்சேறின. மெட்டு அச்சேறுவது அரிதாயிற்று; பள்ளிக்குள் நுழைந்தது அதனினும் அரிது.

ஆயினும் கரை ஊமையாகிவிடவில்லை. சென்னையின் உழைப்பாளர் குடியிருப்புகளில் சாவு வீட்டில் இரவெல்லாம் பாடப்படும் கானா, இரங்கல் என்னும் உரிப்பொருளின் இன்றைய வடிவமே. அதன் தாளத்தைத் திரையும் கடன் வாங்கியுள்ளது. 2015இல் பெசன்ட் நகரின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, கர்நாடக இசையையும் கூத்தையும் கானாவையும் மீனவர் மணலிலேயே ஒரு மேடையில் அமர்த்தியது. கொட்டிவாக்கத்துக்குச் சில கிலோமீட்டர் வடக்கே நிகழ்ந்த அது, இக்கரைகளில் செய்யக்கூடியது இன்னும் உண்டு என்பதற்குச் சான்று.

கருப்பொருள் மாறினால் உரிப்பொருள் மாறும் என்ற இலக்கணம் எச்சரிக்கையும் ஆகும். கொட்டிவாக்கத்தில் கடலைப் பிழைப்பாகக் கொண்டவரின் அருகே, கடலைக் காட்சியாகக் கொண்டவரின் வீடுகள் உயர்ந்துள்ளன. நாளை இக்கரையின் பாட்டு அலைச்சறுக்கின் பாட்டாகலாம், அதில் குற்றமில்லை. ஆனால் இரண்டாயிரம் ஆண்டு இரங்கலுக்கு உரியவர் இன்னும் இங்கே இருக்கின்றனர். வலை இழுத்த பாட்டை மெட்டோடு நினைவில் வைத்திருக்கும் முதியோர் கடற்கரை ஊர்களில் எஞ்சியிருக்கும் காலம் நீண்டதன்று. அதற்குள் அவர்கள் குரலைப் பதிவு செய்து, அருகிலுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது இலக்கிய அமைப்புகளால் இயலாத செயலன்று. நெய்தலை ஏட்டில் படிப்போர் அந்நிலத்துக்குச் செலுத்த வேண்டிய கடன் அது.